பக்கெட்ஸ் கோல்டன்பெர்க்: கிரீன் பே பேக்கர்ஸின் யூத முன்வரிசை வீரர் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அமெரிக்கக் கால்பந்தின் பழைய காலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பந்தை எறிந்தவர், பிடித்தவர், தூக்கிக்கொண்டு ஓடியவர் பெயர்கள்தான் வரிசையாக வரும். அவர்களுக்கு வழி உண்டாக்கிக்கொடுத்தவர்களின் பெயர் வராது. பக்கெட்ஸ் கோல்டன்பெர்க் அப்படிப் பெயர் வராமல் போனவர்களில் முக்கியமானவர் என்பது என் உறுதியான எண்ணம். அவரைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளை எடுத்துக்கொண்டு தெரிந்ததைச் சொல்கிறேன்.

யார் இவர்?

முழுப் பெயர் சார்ல்ஸ் கோல்டன்பெர்க். பக்கெட்ஸ் என்பது பட்டப்பெயர், ஆனால் பத்திரிகைகள் உட்பட எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்காக 1933 முதல் 1945 வரை 13 பருவங்கள், 120 ஆட்டங்கள். அமெரிக்காவின் தொழில்முறைக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்-லில் (இங்கே லீக் என்று சொல்வதெல்லாம் அதைத்தான்) வேறு எந்த அணிக்கும் ஆடவில்லை. மூன்று முறை சாம்பியன் ஆன அணியில் இருந்தார்: 1936, 1939, 1944. பெரும்பாலும் 'கார்ட்' என்னும் முன்வரிசை இடத்தில் ஆடியவர்.

எனக்கு இந்த ஆட்டமே சரியாகத் தெரியாது. முன்வரிசை வீரர் என்ன செய்வார்?

ஒரு பக்கத்துக்குப் பதினொரு பேர். பந்து வைத்திருக்கும் அணியில் குறைந்தது ஏழு பேர், பந்து கிடக்கும் கோட்டை ஒட்டி வரிசையாக நிற்க வேண்டும். நடுவில் நிற்பவர் சென்டர், அவர்தான் கால்களுக்கிடையில் பந்தைப் பின்னால் அனுப்புவார். அவருக்கு இருபுறமும் இரண்டு கார்ட், அதற்கு அடுத்து இரண்டு டேக்கிள், கடைசியில் இரண்டு எண்ட். இதில் எண்ட் மட்டும் ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கலாம். மற்ற ஐந்து பேருக்கும் ஒரே வேலைதான்: எதிரே நிற்பவனை நகர்த்தி, பின்னால் வருபவனுக்கு வழி உண்டாக்குவது, இல்லாவிட்டால் பந்தை எறியப்போகிறவனிடம் யாரும் நெருங்காமல் முட்டி நிறுத்துவது. கார்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சில உத்திகளில் அவர் தன் இடத்தைவிட்டுப் பின்வாங்கி, பக்கவாட்டில் ஓடி, பந்தோடு வருபவனுக்கு முன்னால் போய் வழியில் நிற்பவனை இடித்துத் தள்ள வேண்டும். அதனால் கனமும் வேண்டும், வேகமும் வேண்டும். கோல்டன்பெர்க் ஏறத்தாழ 5 அடி 10 அங்குலம், 220 பவுண்டு, நம் கணக்கில் நூறு கிலோ. இன்றைய முன்வரிசை வீரர்கள் 300 பவுண்டுக்கு மேல் இருக்கிறார்கள், ஆனால் அந்தக் காலத்துக்கு அது நல்ல உடம்பு.

பெயரில் கிழக்கு ஐரோப்பிய யூத வாடை இருக்கிறதே, விஸ்கான்சினுக்கு எப்படி வந்து சேர்ந்தார்?

பிறந்தது கருங்கடல் ஓரத்து ஒடெஸாவில், 1910-ஐ ஒட்டி. அன்று அது ரஷ்யப் பேரரசின் துறைமுக நகரம், இன்று உக்ரைனில் இருக்கிறது. ஊரில் யூதர்கள் மிகப் பெரிய எண்ணிக்கையில் வாழ்ந்தார்கள். அதே ஊரில்தான் 1905-ல் யூதர்களைத் தேடித் தேடிக் கொன்ற கலவரம் நடந்தது, நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். அந்த ஆண்டுகளில் ரஷ்யப் பேரரசிலிருந்து லட்சக்கணக்கான யூதக் குடும்பங்கள் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறின. கோல்டன்பெர்க் குடும்பம் அவர் சிறுபிள்ளையாக இருந்தபோதே கிளம்பி விஸ்கான்சினின் மில்வாக்கி நகரில் குடியேறியது. பிற்பாடு இஸ்ரேலின் பிரதமரான கோல்டா மெயிரும் ரஷ்யப் பேரரசிலிருந்து சிறுமியாக வந்து இதே மில்வாக்கியில் வளர்ந்தவர்தான்.

நேரம் இங்கே முக்கியம். 1924-ல் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தை இறுக்கி, கிழக்கு ஐரோப்பியர்கள் வருவதைப் பெருமளவு அடைத்துவிட்டது. அதற்குள் வந்து சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள்தான் 1920-களிலும் 30-களிலும் அமெரிக்கப் பள்ளி மைதானங்களில் குத்துச்சண்டை, கூடைப்பந்து, கால்பந்து என்று இறங்கினார்கள். கோல்டன்பெர்க் மில்வாக்கியில் பள்ளி முடித்து, மாடிசனில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்காக ஆடினார். அங்கிருந்து நேராகப் பேக்கர்ஸ். வீரர்களை அணிகளுக்கு முறைவைத்துப் பங்கிடும் டிராஃப்ட் 1936-ல்தான் வந்தது, எனவே 1933-ல் ஒரு வீரனும் ஒரு அணியும் பேசி முடித்தால் போதும்.

லீக்கில் ஆடிய முதல் யூதர் இவர்தானா?

இல்லை. அவருக்கு முன்பே பலர் இருந்தார்கள். முன்வரிசையில் முன்னோடி என்றால் ஜோ அலெக்சாண்டர். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பெயர் வாங்கி, 1920-களின் தொடக்கத்திலேயே ராச்செஸ்டர், மில்வாக்கி அணிகளுக்கு ஆடி, 1925-ல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி தொடங்கியபோது அதில் சேர்ந்து, 1926-ல் அந்த அணிக்குப் பயிற்சியாளராகவும் இருந்தவர். இத்தனைக்கும் நடுவில் அவர் மருத்துவர்! அதனால்தான் டாக் என்று கூப்பிட்டார்கள். அப்புறம் பந்து எறிவதையே மாற்றிப்போட்ட பென்னி ஃபிரீட்மன், அவருக்குப் பின் மிச்சிகனிலிருந்து வந்த ஹாரி நியூமன் இருவரும் யூதர்கள்தான்.

கோல்டன்பெர்க்கின் தனித்தன்மை வேறு. ஒரே அணியில், முட்டி மோதும் இடத்தில், பதின்மூன்று வருடம் தாக்குப்பிடித்தது. சராசரி வீரன் இரண்டு மூன்று வருடத்தில் முட்டி உடைந்து வேறு வேலை தேடிப் போய்விடும் காலம் அது.

ஆரம்பத்தில் இவர் பந்தோடு ஓடியவர்தானே?

ஆமாம், பலருக்குத் தெரியாத பகுதி இது. முதல் வருடமான 1933-ல் அவர் பின்வரிசையில் இருந்தார், அந்த ஒரே பருவத்தில் 7 டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது) எடுத்தார். அன்றைய ஆட்டம் புள்ளிகளே அபூர்வமாக விழுந்த ஆட்டம், அதில் ஒரு புது ஆள் ஏழு எடுத்தது லீக்கிலேயே உச்ச எண்ணிக்கைகளில் ஒன்று.

பேக்கர்ஸ் பயிற்சியாளர் கர்லி லாம்போ, நாட்டர்டேம் பல்கலைக்கழகத்தில் க்னூட் ராக்னியிடம் ஆடியவர். அங்கே கற்ற 'நாட்டர்டேம் பாக்ஸ்' என்ற அமைப்பைத்தான் பேக்கர்ஸும் ஆடியது. அந்த அமைப்பில் பின்வரிசை நால்வரில் ஒருவருக்குப் பெரும்பாலும் பந்தே வராது, மற்றவர்களுக்காக இடித்துத் தள்ளுவதுதான் அவர் வேலை. கோல்டன்பெர்க் அந்த இடத்துக்குப் போனார், அதன்பின் அங்கிருந்து முன்வரிசைக்கு வந்து கார்ட் ஆனார். டச்டவுன் எடுக்கத் தெரிந்த ஒருவர், பெயர் வாங்கித் தரும் இடத்திலிருந்து படிப்படியாகப் பெயரே வராத இடத்துக்கு நகர்ந்தார், அங்கே போய்த்தான் லீக்கின் மிகச் சிறந்தவர்களில் ஒருவரானார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான்.

ஒரே ஆள் தாக்குதலிலும் தடுப்பிலும் ஆடினார்களாமே, உண்மையா?

உண்மை. இன்று ஒவ்வொரு அணிக்கும் தாக்குவதற்குத் தனி பதினொரு பேர், தடுப்பதற்குத் தனி பதினொரு பேர். 1930-களில் அப்படி இல்லை. இஷ்டப்படி ஆளை மாற்ற விதி விடாது, அணியிலும் மொத்தம் இருபத்துச் சொச்சம் பேர்தான். பந்து நம் கையில் இருந்தால் கார்ட், பந்து எதிரி கைக்குப் போனதும் அதே ஆள் தடுப்பு வரிசையின் நடுவில் நின்று உடைத்துக்கொண்டு வருபவனை விழத்தட்ட வேண்டும். தோல் தொப்பி, முகத்துக்கு எந்தக் காப்பும் கிடையாது. தலைக்கவசமே 1943-ல்தான் கட்டாயமானது, அதாவது கோல்டன்பெர்க்கின் பதினோராவது பருவத்தில். பல் போவதும் மூக்கு உடைவதும் வேலையின் ஒரு பகுதி.

சிட் லக்மனோடு சேர்த்து ஒரு கதை சொல்வார்களே?

சொல்வார்கள், அருமையான கதை. சிகாகோ பேர்ஸ் என்றால் பேக்கர்ஸுக்குப் பரம எதிரி. அவர்களுடைய குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்திப் பந்தை எறிபவர்) சிட் லக்மன், புரூக்ளினில் வளர்ந்த யூதர், கொலம்பியா பல்கலைக்கழக மாணவர். 1940-களின் தொடக்கத்தில் அவரும் பயிற்சியாளர் ஜார்ஜ் ஹாலஸும் சேர்ந்து டி-ஃபார்மேஷன் என்ற அமைப்பால் லீக்கையே புரட்டிப்போட்டார்கள். 1940 இறுதி ஆட்டத்தில் வாஷிங்டனை 73-0 என்று அடித்தது அந்த அணிதான்.

கதை இப்படி. எதிரே நடுவரிசையில் நின்ற கோல்டன்பெர்க் ஒன்றைக் கவனித்தார். லக்மன் பாஸ் எறியப்போகிறார் என்றால் அவர் கால் ஒருவிதமாகப் பின்னால் நகரும். அதைப் பார்த்ததும் கோல்டன்பெர்க் முன்னால் பாயாமல் தானும் பின்னால் இறங்கி, பாஸ் போகும் பாதையை அடைப்பார். சில ஆட்டங்களுக்கு இது வேலை செய்தது. பேர்ஸ் தரப்பு கண்டுபிடித்துவிட்டது. கண்டுபிடித்தவர்கள் அந்தக் கால் அசைவை மறைக்கவில்லை, வேண்டுமென்றே காட்டினார்கள்: லக்மன் பாஸ் எறிவதுபோல் பின்வாங்குவார், கோல்டன்பெர்க் இடத்தைக் காலி செய்துவிட்டுப் பின்னால் போவார், அந்த ஓட்டை வழியாகவே இன்னொருவர் பந்தோடு நடுவில் புகுந்து ஓடுவார். இன்று எல்லா அணியும் ஆடும் 'டிரா' என்ற உத்தி இப்படித்தான் பிறந்தது என்பது இந்தக் கதையின் முடிவு.

இதே உத்திக்குக் கிளீவ்லண்ட் அணியைச் சேர்ந்த இன்னொரு பிறப்புக் கதையும் உண்டு. அந்த அணியின் குவார்ட்டர்பேக் ஆட்டோ கிரகாம் பாஸ் எறிய முடியாமல் திணறி, பக்கத்தில் நின்ற மரியன் மாட்லியிடம் பந்தைத் திணித்தார், அது நன்றாகப் போனதால் அதையே திட்டமாக்கிக்கொண்டார்கள் என்பார்கள். விளையாட்டு உத்திகளுக்கு ஒரே அப்பா இருப்பது அபூர்வம். ஆனால் முன்வரிசைக்காரன் என்றால் மூளைக்கு வேலை இல்லாதவன் என்று நினைப்பவர்களுக்கு லக்மன் கதை போதும். கபடியில் பாடி வருபவனின் கால் திரும்பும் திசையை வைத்தே அவன் யாரைத் தொடப் போகிறான் என்று சொல்லும் பழுத்த ஆட்டக்காரர்கள் இருப்பார்களே, அந்த ரகம் இவர்.

மூன்று சாம்பியன் பட்டங்களைப் பற்றிக் கொஞ்சம்?

1936-ல் பேக்கர்ஸ் 10 வெற்றி, 1 தோல்வி, 1 சமநிலை. இறுதியில் பாஸ்டனை 21-6 என்று வென்றார்கள். பாஸ்டன் ஊர்க்காரர்கள் ஆட்டம் பார்க்க வருவதில்லை என்று கோபித்துக்கொண்டு அணி முதலாளி அந்த இறுதி ஆட்டத்தையே நியூயார்க்குக்கு மாற்றிவிட்டார். அடுத்த பருவத்திலேயே அணியையும் வாஷிங்டனுக்குக் கொண்டுபோய்விட்டார்.

1938 இறுதியில் நியூயார்க் ஜயன்ட்ஸிடம் 23-17 என்று தோற்றார்கள். அதற்கு அடுத்த வருடம் அதே ஜயன்ட்ஸை மில்வாக்கி பக்கத்து ஸ்டேட் ஃபேர் பார்க் மைதானத்தில், பலத்த காற்றுக்கு நடுவில், 27-0 என்று நசுக்கினார்கள். லீக்கின் இறுதி ஆட்டத்தில் ஒரு அணி ஒரு புள்ளிகூட எடுக்காமல் போனது அதுதான் முதல் முறை. பேக்கர்ஸ் 1933-லிருந்தே சில உள்ளூர் ஆட்டங்களை மில்வாக்கியில் ஆடி வந்தது, ஆக கோல்டன்பெர்க் தான் வளர்ந்த ஊரில், தெரிந்த சனம் பார்க்க, பட்டம் வென்றார். 1944-ல் மறுபடியும் ஜயன்ட்ஸ், நியூயார்க்கில், 14-7. போர்க்காலம், அணிகளில் இருந்த இளைஞர்கள் பலர் படையில் இருந்தார்கள், முப்பது வயதைத் தாண்டிய கோல்டன்பெர்க் போன்றவர்கள் அணியைத் தாங்கினார்கள்.

இந்த வெற்றிகளின் முகம் டான் ஹட்சன். 1942-ல் மட்டும் 74 பாஸ் பிடித்து, 1,211 கெஜம், 17 டச்டவுன். அந்தக் காலத்தில் யாரும் கற்பனைகூடச் செய்யாத எண்கள். ஆனால் ஹட்சன் தூரம் ஓடிப் பந்துக்குத் திரும்பும்வரை பந்தை எறியும் ஆர்னி ஹெர்பரோ சிசில் இஸ்பெல்லோ நிலைகுலையாமல் நிற்க வேண்டும். அந்த மூன்று நொடியைச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் முன்வரிசைக்காரர்கள்.

யூதர் என்பதால் அவருக்குப் பிரச்சினை வந்ததா?

அவர் ஆடிய வருடங்களைப் பாருங்கள்: 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார், 1945-ல் செத்தார். கோல்டன்பெர்க்கின் ஆட்ட வாழ்க்கையும் கிட்டத்தட்ட அதே வருடங்கள்தான். பிறந்த ஊரான ஒடெஸாவில் 1941-ல் ருமேனியப் படைகள் நுழைந்து சில நாட்களில் யூதர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொன்றன. அவர் குடும்பம் கப்பல் ஏறாமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு தவிர்க்க முடியாதது.

அமெரிக்காவிலும் காற்று நல்லதாக இல்லை. சார்ல்ஸ் காஃப்லின் என்ற பாதிரியார் வானொலியில் யூத வெறுப்பைப் பேசினார், லட்சக்கணக்கானவர்கள் கேட்டார்கள். ஹிட்லரை ஆதரித்த ஜெர்மன் அமெரிக்க புந்த் அமைப்பு மில்வாக்கிக்கு வடக்கே, கிராஃப்டன் ஊரில் ஹிண்டன்பர்க் பெயரில் முகாம் நடத்தியது. அந்த முகாமிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் ஒரு யூதர் மாநிலத்தின் செல்ல அணிக்கு முன்வரிசையில் நின்று சாம்பியன் பட்டம் வாங்கிக்கொண்டிருந்தார். விஸ்கான்சின் ரசிகர்கள் அவரைத் தங்கள் ஆளாகவே கொண்டாடினார்கள்.

அந்தக் காலத்தில் கறுப்பின வீரர்களை லீக் விலக்கி வைத்திருந்ததே?

ஆமாம், இதைச் சொல்லாமல் அவர் கதையைச் சொல்வது நியாயம் இல்லை. 1933-க்குப் பிறகு 1946 வரை லீக்கில் ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை. எழுதிவைத்த தடை கிடையாது, முதலாளிகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. அதாவது கோல்டன்பெர்க்கின் முதல் வருடத்தோடு அந்தக் கதவு மூடியது, அவர் ஓய்வுபெற்ற அடுத்த வருடம் திறந்தது. வெள்ளையராகப் பார்க்கப்பட்ட யூதக் குடியேறிக்குக் கிடைத்த இடம், அமெரிக்காவிலேயே தலைமுறைகளாக வாழ்ந்த கறுப்பினத்தவருக்குக் கிடைக்கவில்லை. இதற்காக கோல்டன்பெர்க்கைக் குறை சொல்ல முடியாது. லீக்கைச் சொல்ல வேண்டும்.

இவ்வளவு ஆடியவர் நன்றாகச் சம்பாதித்திருப்பாரே?

இல்லை. பெருமந்தக் காலம் அது. பேக்கர்ஸ் அணியே மூழ்கப் பார்த்தது: ரசிகர் ஒருவர் பார்வையாளர் இருக்கையிலிருந்து விழுந்து வழக்குப் போட்டு ஜெயித்தார், அணியின் காப்பீட்டு நிறுவனம் திவாலாகிவிட்டது, 1933-ல் அணி நீதிமன்றம் நியமித்தவரின் கைக்குப் போனது. 1935-ல் ஊர்மக்களிடம் பங்கு விற்றுத்தான் மீண்டார்கள். வீரர்களுக்கு இலையுதிர்காலத்தில் மட்டும் சம்பளம், மற்ற மாதங்களுக்கு வேறு வேலை பார்க்க வேண்டும். கோல்டன்பெர்க் தொழில்முறை மல்யுத்தத்தில் இறங்கினார். பேர்ஸ் அணியின் பிரான்கோ நகுர்ஸ்கியும் அப்படித்தான், அவர் மல்யுத்தத்தில் உலகப் பட்டம்வரை போனார்.

ஓய்வுக்குப் பிறகு?

மில்வாக்கியில் உணவகத் தொழில். ஆனால் பேக்கர்ஸை விடவில்லை. 1953 முதல் 1985 வரை அணியின் இயக்குநர் குழுவில் இருந்தார். பேக்கர்ஸ் தனி முதலாளி இல்லாத, ஊர்மக்கள் பங்குதாரர்களாக இருக்கும் அணி என்பதால் அந்தக் குழு அலங்காரப் பதவி அல்ல. அணி மிக மோசமாகத் தோற்ற 1950-களையும், பயிற்சியாளர் வின்ஸ் லம்பார்டி வந்து ஐந்து பட்டங்கள் வாங்கிக்கொடுத்த 1960-களையும் அவர் உள்ளே இருந்து பார்த்தார். 1972-ல் பேக்கர்ஸின் சொந்த ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் மண்டபத்தில், சேர்க்கப்பட்டார். 1986-ல் காலமானார்.

அவருக்குப் பின் வந்த யூத முன்வரிசை வீரர்களில் பெரியவர் யார்?

ரான் மிக்ஸ், சந்தேகமே இல்லை. 1960-ல் சார்ஜர்ஸ் அணியில் டேக்கிளாகச் சேர்ந்து, பத்து வருடத்தில் இரண்டே முறைதான் எதிரியைப் பிடித்து இழுத்ததற்காகத் தண்டனை வாங்கினார் என்று சொல்லப்படுபவர். பின்னாளில் வழக்கறிஞர். 1979-ல் ஓஹையோ மாநிலத்துக் கேன்டனில் உள்ள தேசிய ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார்.

எண்களே இல்லாத கோல்டன்பெர்க்கைச் சிறந்தவர் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? கேன்டனில் அவர் ஏன் இல்லை?

இரண்டும் ஒரே கேள்விதான். முட்டித் தள்ளியதற்கு அன்று யாரும் கணக்கு வைக்கவில்லை. அதனால் அவரோடு ஆடியவர்கள், எதிரே நின்றவர்கள், ஆட்டத்தை நேரில் பார்த்த எழுத்தாளர்கள் சொன்னதைத்தான் பார்க்க வேண்டும். லீக்கின் ஐம்பதாவது ஆண்டையொட்டி 1969-ல், 1930-களின் சிறந்த அணி என்று ஒரு பட்டியல் போட்டார்கள். போட்டவர்கள் ஹால் ஆஃப் ஃபேமின் தேர்வாளர்களே. அதில் கார்ட் இடத்துக்கு நான்கு பெயர்கள்: டான் ஃபோர்ட்மன், ஆக்ஸ் எமர்சன், ரஸ் லெட்லோ, கோல்டன்பெர்க். இந்த நால்வரில் கேன்டனுக்குள் போனவர் ஃபோர்ட்மன் ஒருவர்தான். பத்து வருடத்தின் ஆகச் சிறந்தவர் என்று ஒரு கையால் எழுதிக்கொடுத்துவிட்டு, இன்னொரு கையால் கதவைச் சாத்தி வைத்திருக்கிறார்கள். பந்து எறிந்தவர்களுக்கு இப்படி நடப்பது மிகக் குறைவு. அதே பேக்கர்ஸிலிருந்து லாம்போ, ஹட்சன், ஹின்கிள், ஹெர்பர் எல்லோரும் 1960-களிலேயே உள்ளே போய்விட்டார்கள்.

இனிமேல் வாய்ப்பே இல்லை என்றும் இல்லை. பழைய வீரர்களுக்கென்று தனித் தேர்வு வழி இருக்கிறது. 1920-களில் ஆடிய கறுப்பின டேக்கிள் டியூக் ஸ்லேட்டர் 1966-ல் இறந்தார், 2020-ல்தான் உள்ளே எடுத்தார்கள். அந்த வருடம் லீக்கின் நூற்றாண்டுக்காகப் பழையவர்கள் பத்துப் பேருக்கு ஒரே தவணையில் இடம் கொடுத்தார்கள், அதில் பேக்கர்ஸின் பாபி டில்லனும் உண்டு. ஸ்லேட்டருக்காகப் பல ஆண்டுகள் விடாமல் எழுதிக் கேட்டவர்கள் இருந்தார்கள். கோல்டன்பெர்க், லெட்லோ, எமர்சன் மூவருக்கும் அதே மாதிரி கேட்க வேண்டும், மூவரையும் சேர்த்தே எடுக்க வேண்டும் என்பது என் கட்சி.